அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் இருக்கும் என் சிவில் வழக்கை மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் விசாரிக்கச் சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம். ஆனால் எந்த ஜட்ஜ் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை பார்த்த இடத்தில் ஓவர்டைம் பணம் தராததால் வழக்குப் போட்டவன் நான். மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜுக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தை வக்கீல் அனுப்பியபோது, நம் வழக்கைச் சின்ன வழக்கென்று ஒதுக்குகிறார்களோ என்றுதான் எனக்கும் பட்டது. அப்படியில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜே முழு வழக்கையும் நடத்தித் தீர்ப்பு சொல்லலாம் என்று 1979-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஜூரி கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். அப்பீலும் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றமான சர்க்யூட் கோர்ட்டுக்குத்தான் போகும். சம்மதிக்காவிட்டால் வழக்கை விசாரிக்கும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது, பதவி ஆயுளுக்கும். முழுநேர மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜை அந்தக் கோர்ட்டின் ஜட்ஜுகளே 8 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான் சம்மதித்தது விசாரணைத் தேதிக்காக. கிரிமினல் வழக்குகளை விரைவாக நடத்தவேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருப்பதால், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜிடம் சிவில் வழக்கு பின்னால் தள்ளப்படும். பெரிய கிரிமினல் வழக்குகளின் விசாரணை மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜிடம் வராது. அவர் குறிக்கும் தேதி பெரும்பாலும் நிற்கும். எனக்காகச் சாட்சி சொல்லவிருந்த நண்பருக்கு விசா முடியப்போகிறது. தேதி தள்ளிப்போனால் அவர் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டார்.

இதில் இழப்பும் உண்டு. சம்மதம் இல்லாமல் முக்கியமான மனு மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜிடம் போனால், அவர் பரிந்துரை மட்டுமே எழுதுவார். 14 நாளுக்குள் ஆட்சேபித்தால் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் அந்தப் பகுதியைப் புதிதாகப் பார்ப்பார். சம்மதித்தபின் அந்த இரண்டாவது பார்வை கிடையாது. மனம் மாறினாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அசாதாரணமான சூழ்நிலை என்று காட்டவேண்டும். அதனால் அந்த ஜட்ஜ் உங்களுடையதைப் போன்ற வழக்குகளில் எழுதிய உத்தரவுகளை முதலில் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள்.

மறுத்தால் ஜட்ஜ் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படவே வேண்டாம். மறுப்பதால் எந்தப் பாதகமும் வரக்கூடாது என்பது சட்டம். எல்லாத் தரப்பும் சம்மதித்தால் ஒழிய, யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஜட்ஜுக்குத் தெரிவிப்பதில்லை. மறுப்பதென்றால் அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மறுக்கலாம் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் வழக்கை நடத்திக்கொண்டே போனால், அதையே சம்மதமாகக் கொள்ளலாம் என்று 2003-இல் ரோயல் எதிர் வித்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.