மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? அடிப்படை உயிரியல் கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவி: மரம் மண்ணைச் சாப்பிட்டுத்தானே வளர்கிறது? அப்புறம் ஏன் மரத்தடியில் பள்ளம் விழுவதில்லை?

நல்ல கேள்விம்மா. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தே பார்த்தார். தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண், அதில் 5 பவுண்டு வில்லோ கன்று. 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இலைத்துளை வழியே புகும் கார்பன் டை ஆக்சைடும், வேர் அனுப்பும் தண்ணீரும் வெயிலின் ஆற்றலால் சர்க்கரையாகின்றன. அந்தச் சர்க்கரையைக் கோத்துத்தான் மரம், கட்டையின் முக்கியப் பொருளான செல்லுலோஸைச் செய்கிறது. மண் தருவது தாதுஉப்புகளை. கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் முடியாது. ஒரு கட்டு விறகு எரிந்தபின் அடுப்பில் மிஞ்சும் சாம்பலைப் பாருங்கள். அதுதான் பெரும்பாலும் மண் கொடுத்த பங்கு. மற்றதெல்லாம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றுக்குப் போய்விட்டது.

ஒரு அம்மா: ராத்திரியில் மரம் கெட்ட காற்றை விடும், புளியமரத்தடியில் படுக்காதே என்கிறார்களே?

மரம் சுவாசித்து விடும் கார்பன் டை ஆக்சைடைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். திறந்தவெளியில் அந்த வாயு காற்றோடு கலந்துவிடும், மூச்சு முட்டாது. செடிகள் பகலிலும் சுவாசிக்கின்றன. வெயிலில் சர்க்கரை செய்யும் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் வெளியே தெரிவதில்லை. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஊறுகாய் போடுகிறவர்: மாங்காயில் உப்பைப் போட்டதும் தண்ணீர் விடுகிறதே?

சவ்வூடு பரவல். வெளியே உப்பு அதிகம் இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வரும். ரியோ என்ற அழகுச்செடி இலையின் அடிப்பக்க ஊதாத் தோலை மெல்ல உரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். கட்டம் கட்டமாகச் செல்சுவர் அப்படியே நிற்க, உள்ளே ஊதா நிறம் மட்டும் சுருங்கி ஒரு ஓரமாக ஒதுங்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

நீட்டுக்குப் படிப்பவர்: சிவப்பணுவில் உட்கரு இல்லை. அதுவும் செல்தானா?

செல்தான் தம்பி. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு இருக்கும். முதிரும்போது வெளியே தள்ளிவிடும். அந்த இடமும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குக் கிடைக்கிறது. ஆனால் உட்கரு இல்லாததால் பழுதானதை மாற்றப் புதுப் புரதம் செய்ய வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அதனால் உடம்பு முழுக்கச் சுமந்து போகும் ஆக்சிஜனை அது தன் தேவைக்குத் தொடுவதே இல்லை.