பொதுமொழியும் பழங்குடி மொழிகளும்

கேள்வி: ஒரு நாட்டுக்குப் பொதுமொழி அவசியம் என்கிறபோது, பழங்குடி மக்களின் மொழிகள் அழிவதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: முடியும். பொதுமொழியைக் கற்பதால் மட்டும் எந்த மொழியும் அழிவதில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளிடம் தாய்மொழியில் பேசுவதை நிறுத்தும்போதுதான் அழிகிறது. அப்படி நிறுத்தவைப்பது பல இடங்களில் பள்ளியில் பட்ட அவமானமே. நியூசிலாந்தில், தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளியில் அடிபட்ட, அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரிகள் பலர், தம் பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாமென்று ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அதே சமூகம்தான் 1982-இல் ‘கோஹங்கா ரேயோ’, அதாவது ‘மொழிக் கூடு’ என்னும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியது. அங்கே மூத்தவர்கள் உணவூட்டுவது, கை கழுவிவிடுவது, தூங்கவைப்பது என எல்லாவற்றையும் மாவோரியில் பேசியபடியே செய்தார்கள். இடையில் அறுந்துபோன தலைமுறையைத் தாண்டி, மொழி பேரப்பிள்ளைகளின் நாவில் ஏறியது. 1987-இல் ஒரு சட்டத்தின் மூலம் அது ஆட்சிமொழியாகவும் ஆனது. என் மதிப்பீட்டில், அந்தச் சட்டத்தைவிடக் கூடுகளே பெரிய சாதனை.

தென் அமெரிக்க நாடான பராகுவேயில் 1992-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் ஸ்பானியத்தோடு குவாரனி என்னும் பழங்குடி மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்றது. பழங்குடியினர் அல்லாதவர்களும் அதை வீட்டில் பேசுகிறார்கள். பிள்ளைக்கு முதலெழுத்தை அதன் வீட்டுமொழியில் கற்பித்து, பொதுமொழியை அதன்மேல் சேர்க்க வேண்டும். அதற்கான ஆசிரியர்களை அந்தந்தச் சமூகத்திலிருந்தே நியமிக்க வேண்டும்.