பேக்கப் இருந்தால் வைரஸுக்குப் பயப்பட வேண்டாமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. கணக்கு முழுவதும் டாலியில். தினமும் இரவு எட்டு மணிக்கு வெளி ஹார்டு டிஸ்கில் தானாகவே பேக்கப் ஆகிவிடும். “பேக்கப்தான் இருக்கிறதே, ஆன்டிவைரஸ் எல்லாம் தண்டச் செலவு” என்கிறார் கணினி பழுதுபார்க்க வருபவர். அவர் சொல்வது சரியா ஐயா?

பதில்: சரியில்லை. பேக்கப் எந்த வைரஸையும் வாசலில் நிறுத்தாது. வைரஸ் உள்ளே வந்து நாசம் செய்த பிறகு, எதையெல்லாம் மீட்க முடியும் என்பதற்குத்தான் அது உதவும். நீங்கள் வைத்திருக்கும் முறையில் அதற்கும் உதவாமல் போகலாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த சொல் “தானாகவே” என்பதுதான். அப்படியென்றால் அந்த டிஸ்க் இரவும் பகலும் கணினியில் செருகியே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தம் கணினியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். காசு கொடுக்காமல் போட்டோ மென்பொருளை இறக்கியிருக்கிறார். அதை நிறுவும்போது ஆன்டிவைரஸ் தடுத்தது என்று அதையும் நிறுத்திவைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி போதும். “பேக்கப் இருக்கிறது சார்” என்று நம்பிக்கையோடு பையிலிருந்து ஹார்டு டிஸ்கை எடுத்தார். அதிலும் அதே நான்கு எழுத்து, அதே கடிதம். ஆல்பம் போடாமல் வைத்திருந்த ஒரு வளைகாப்புப் படங்களும் அதில் போயின. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் குழந்தையே பிறந்திருந்தது. இப்படிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகை ரான்சம்வேருக்கு இலவசமாகத் திறவுகோல் கிடைக்கும். தேடிப் பார்த்தோம். அவருக்கு வந்த வகைக்குக் கிடைக்கவில்லை.

ரான்சம்வேருக்கு மூலப் பிரதி, நகல் என்ற வேறுபாடு கிடையாது. உங்கள் கணினியிலிருந்து எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். செருகிய டிஸ்க், பென் டிரைவ், மற்ற இரண்டு கணினிகளில் பகிர்ந்துவைத்த ஃபோல்டர் என எதையும் விடாது. விண்டோஸ் தனக்குள் எடுத்துவைக்கும் பழைய பிரதிகளைப் பல வகைகள் முதலிலேயே அழித்துவிடுகின்றன. கூகுள் டிரைவ் போன்றவற்றோடு ஒத்திசைத்து வைத்திருந்தால் கெட்டுப்போன கோப்புதான் அங்கும் ஏறும். பழைய பதிப்பைப் பெரும்பாலும் 30 நாட்களுக்குள் கேட்டால்தான் உண்டு.

ஆகவே இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ‘அ’, இன்னொன்றுக்கு ‘ஆ’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, வாரம் ஒன்றாக மாற்றிப் பயன்படுத்துங்கள். பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றும் பொறுப்பு, கல்லாவைப் பூட்டுகிறவரிடமே இருக்கட்டும். ஓய்வில் இருக்கும் டிஸ்க் வீட்டில் இருக்க வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து அங்கிருந்த கடைகள் எரிந்ததை நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரதியை அழித்து அதன் மேலேயே எழுதாமல், தேதிவாரியாகச் சில பிரதிகளாவது வையுங்கள். வைரஸ் நுழைந்து பல நாள் கழித்தும் வேலையைக் காட்டலாம்; நேற்றைய பிரதி மட்டும் இருந்தால் அதுவும் கெட்டதாக இருக்கக்கூடும். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். பாக்கிதாரர் பட்டியலில் நாலு பேர் நிலுவையை ஒப்பிட்டால் போதும். ‘பேக்கப் முடிந்தது’ என்று திரையில் வருவதை நம்பி, தேவைப்பட்ட நாளில் வெறும் ஃபோல்டரைத் திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்டிவைரஸ் செலவைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10, 11இல் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. யார் சொன்னாலும் அதை நிறுத்தாதீர்கள். அதைவிட முக்கியம் அப்டேட். 2017 மே 12இல் ‘வானாக்ரை’ என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கி ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்களுக்கு அந்த ஓட்டை வழியாக ஆபத்து வரவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், உங்கள் மூன்று கணினிகளிலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உடனே பாருங்கள். ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்தே டாலியைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். ரான்சம்வேர் கும்பல்கள் அதிகம் தட்டும் கதவுகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்று. கடவுச்சொல்லைத் திருடும் வைரஸுக்குப் பேக்கப் பதிலே அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து போன பணத்தை எந்த ஹார்டு டிஸ்கும் திருப்பித் தராது. அப்படி நடந்தால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். ரான்சம்வேர் தாக்கினாலும் அவசரப்பட்டு பேக்கப் டிஸ்கைச் செருகிவிடாதீர்கள். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவி, எந்த வழியாக வந்தது என்று கண்டறிந்து அடைத்த பிறகே பிரதியைத் தொட வேண்டும்.

இன்று இரவு எட்டு மணி பேக்கப் முடிந்ததும் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டாவது டிஸ்கை நாளைக்கே வாங்கிவிடுங்கள்.