கேள்வி பதில்: இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தி

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி பற்றிய செய்தியை இரண்டு நாளிதழ்களில் படித்தேன். ஒரு சொல்கூட மாறாமல் இருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிவிட்டதா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, சகோதரி. அச்செய்தியின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். ஊர்ப்பெயரையும் தேதியையும் அடுத்து ‘பெர்னாமா’ என்று இருந்தால், அது மலேசியாவின் தேசியச் செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தி. 1967இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டு, 1968 மே 20ஆம் நாள் பணியைத் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதன்மைப் பணி, தானே நாளிதழ் நடத்துவதன்று. செய்தியையும் படத்தையும் திரட்டி, நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குக் கொடுப்பது. சந்தா செலுத்தும் ஆசிரியர்கள் அதை அப்படியே வெளியிடலாம், சுருக்கியும் வெளியிடலாம். ஆகவே இதில் தவறேதும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி வேறொன்றையும் நினைக்க வைக்கிறது. பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலைத் தைப்பூசங்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி வருகிறது; தோட்டத்துக் கோயிலுக்கு அந்த வாய்ப்பு எப்போதோ ஒருமுறைதான் கிடைக்கிறது. அந்த ஒரு செய்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியாகும்போது, நம் வழிபாட்டை அறியாத பல்லாயிரம் பேருக்கு அதுவே முதல் அறிமுகமாகிவிடுகிறது. அங்கே தீமிதி என்பது ‘நெருப்பின்மேல் நடக்கும் சடங்கு’ என்று சுருங்கிவிட்டால், காப்புக் கட்டிய நாள் முதல் விரதம் இருந்தவர்களின் பக்தியும், கரகம் எடுத்தவரின் பொறுப்பும், பூக்குழிக்கு விறகு அடுக்கிய இளைஞர்களின் உழைப்பும் வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். இதற்கு நிருபரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது; அவர் ஒரு மாலைப்பொழுதில் வந்து, அன்றிரவே எழுதி அனுப்ப வேண்டியவர். காப்பு, கரகம், பூக்குழி போன்ற சொற்களைத் தமிழிலேயே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தை மலாயில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டியது கோயில் நிர்வாகத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன். கோயில் எந்தத் தோட்டத்தில், யாரால் எழுப்பப்பட்டது, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு எங்கே இடம் மாறியது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். படம் எடுத்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள். ‘பக்தர்கள் சிலர்’ என்ற அடிக்குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கேள்வி: அந்தச் செய்தியையும் படத்தையும் எங்கள் கும்பாபிஷேக மலரில் சேர்க்கலாமா?
- அதே வாசகி

பதில்: நிறுவனத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுச் சேருங்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் செய்திப் படங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அனுமதி கிடைத்ததும், நிறுவனத்தின் பெயரையும் செய்தி வெளியான தேதியையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். மலரின் மற்ற பக்கங்களுக்கு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் வாழ்ந்த லயத்து வீட்டுக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களை இப்போதே உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பெரியவர்களின் சம்மதத்தைத் தவிர.