ஆங் சான் 1947-இல் கொல்லப்படாமல் இருந்திருந்தால் பர்மாத் தமிழர்கள் அங்கேயே இருந்திருப்பார்களா?

எங்கள் குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து சென்னை வியாசர்பாடியில் குடியேறியது. இங்குள்ள பெரியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "போஜோ இருந்திருந்தா நாம ஏம்பா இங்க வரப்போறோம்?" பர்மிய விடுதலைப் போராட்டத் தலைவரான ஆங் சானை அவர்கள் போஜோ, அதாவது தளபதி, என்றுதான் சொல்வார்கள். என் பதில் பாதி ஆம், பாதி இல்லை.

ஆங் சான் 1947 ஜனவரியில் லண்டன் போய், ஓராண்டுக்குள் விடுதலை என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு ஒப்பந்தம் போட்டார். அதைவிடப் பெரிய காரியமாக நான் நினைப்பது, ஊர் திரும்பிய கையோடு ஷான் மலைநாட்டுப் பாங்லோங்குக்கு அவர் போனதைத்தான். பிப்ரவரி 12 அன்று ஷான், கச்சின், சின் ஆகிய மலைநாட்டு இனங்களின் தலைவர்கள் அங்கே அவரோடு கையெழுத்திட்டார்கள். மலைப்பகுதிகளின் உள் நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்பது அதன் சாரம். மறுநாள்தான் அவருக்கு 32 வயது. வெள்ளைக்காரன் போனால் எல்லாம் பர்மியருக்கே என்று முழங்கிக் கைதட்டு வாங்குவது அந்த வயதில் சுலபம். அவர் அதைச் செய்யவில்லை.

இன்னொரு சிறுபான்மை இனமான கரேன் மக்கள் கையெழுத்திடவில்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 1942-இல் ஜப்பானியர்களோடு உள்ளே நுழைந்த அவருடைய பர்மா விடுதலைப் படை, மியாங்மியா பகுதியில் கரேன்களைக் கொன்று குவித்தது. அவரே தட்டோன் பக்கம் ஒரு கிராமத் தலைவரைத் தன் கையால் கொன்றார். பிற்பாடு அதை மறுக்கவும் இல்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது.

1947 ஜூலை 19 அன்று ரங்கூன் செயலகத்தில் அமைச்சரவை கூடியிருந்தபோது, அரசியல் எதிரி ஊ சோ அனுப்பிய ஆட்கள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஆங் சானோடு செத்தவர்களில் ஒரு கரேன் அமைச்சர் உண்டு, ஒரு ஷான் சிற்றரசர் உண்டு. அப்துல் ரசாக்கும் உண்டு. இந்திய வம்சாவளித் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர், மாந்தளையில் தலைமையாசிரியராக இருந்தவர், கல்வி அமைச்சர். எங்கள் பெரியவர்களின் நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்டால் நான் ரசாக்கைத்தான் காட்டுவேன்.

ஆனால் தமிழர்கள் கையில் இருந்த நிலம் எப்படியும் போயிருக்கும். 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கடனில் நிலத்தைப் பறிகொடுத்த உழவர்களின் கோபம் நியாயமானது, ஆங் சானோ இடதுசாரி. விடுதலைக்குப் பின் பிரதமரான ஊ நூவின் அரசு 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அவர் இருந்திருந்தால் அவரே கொண்டுவந்திருப்பார்.

வியாசர்பாடிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலக்காரர்கள் இல்லை. மூட்டை சுமந்தவர்கள், பெட்டிக்கடை வைத்திருந்தவர்கள். இவர்களைக் கிளப்பியது 1962-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நே வின். ஆங் சானோடு ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற முப்பது பேரில் ஒருவர்தான் அவரும். ஆங் சான் தொடங்கிய ராணுவத்தை வைத்தே பாங்லோங் வாக்கைப் புதைத்தார். கடைகள் அரசுடைமையாயின, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. சேமித்ததை இழந்து கப்பலேறிய குடும்பங்கள்தான் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டுப் பிழைத்தன. இவர்களை ஆங் சான் துரத்தியிருக்க மாட்டார் என்றே நானும் நம்புகிறேன்.

இருந்தாலும் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 1948-க்குப் பிறகு பர்மியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட இந்தியர்கள் ஏராளம். அவர்கள் நிலைமை யார் ஆட்சியில் இருந்தாலும் இழுபறிதான்.