அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்

வாசகர் கடிதம்

டீச்சருக்கு வணக்கம்.

நான் என் அம்மாயியின் பாட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் வீட்டில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டு, கையில் ஒரு செம்போடு தனியாகக் கப்பல் ஏறி வந்தவர் என்று அம்மாயி சொல்வார். மலாயாவில், நிபோங் தெபால் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தாராம். இரண்டு ஆண்டு அலைந்து, அவருடைய மகளின் பிறப்புப் பதிவு நகலை வாங்கிவிட்டேன். ஆண்டு 1884. தாயின் பெயர் இருக்கிறது. தந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறது.

அடுத்த மாதம் எங்கள் குடும்ப ஒன்றுகூடல். வம்ச வரைபடம் அச்சடிக்கிறோம். பெரிய மாமாவுக்கு எண்பத்தைந்து வயது. "கோட்டைப் போட்டு ஊருக்குக் காட்டவா?" என்று கோபப்படுகிறார். ஏதாவது ஒரு பெயரை எழுதி, 'ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்' என்று போடச் சொல்கிறார். பூர்வீகம் என்ற இடத்தில் நாகப்பட்டினம் என்று எழுதியும் விட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? என் பெயரையும் பாட்டியின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

உங்கள் வாசகி, நிபோங் தெபால்

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரவு இரண்டு முறை படித்தேன். நகலின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோடு அவசரத்தில் கிறுக்கியதாகத் தெரியவில்லை. இடமிருந்து வலமாக, கட்டத்தின் இரண்டு ஓரத்தையும் தொடும்படி, நிதானமாக இழுத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு அங்கே எழுத எதுவும் இல்லை. நூற்று நாற்பது ஆண்டு கழித்து நாம் எழுத வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். இனி எழுதுவதெல்லாம் மாமாவுக்காகவும் சேர்த்து.

முதலில் நாகப்பட்டினம். மலேசியத் தமிழர் வீடுகளில் பாதிப் பேர் பூர்வீகம் என்று அதைத்தான் சொல்கிறோம். அது கப்பல் ஏறிய துறை. தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று பல திசைகளிலிருந்தும் நடந்தும் வண்டியிலும் வந்தவர்கள் அங்கே கூடி, பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள். பஸ் நிலையத்தைச் சொந்த ஊர் என்று யாரும் எழுதுவதில்லையே. பாட்டி கப்பல் ஏறிய இடம் என்று வேண்டுமானால் நாகப்பட்டினத்தைக் குறியுங்கள். பூர்வீகம் என்று எழுதாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்தத் தவற்றைச் செய்தவள் நான். என் அப்பாயி பாடிய தாலாட்டில் திருவாரூர்த் தேர் வரும். அதை நம்பி 1994-இல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'பூர்வீகம் திருவாரூர்' என்று எழுதினேன். நகலெடுத்து உறவுக்கெல்லாம் கொடுத்தேன். தம்பி மகன் அங்கே போய், கமலாலயக் குளக்கரையில் ஒரு பிடி மண் எடுத்து, ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தான். என் அண்ணன் அதைச் சாமி மேடையில் வைத்தார். பிறகுதான் பாரிட் புந்தாரில் இருந்த ஒரு பெரியத்தை சொன்னார், அந்தத் தாலாட்டை அப்பாயி கற்றுக்கொண்டது பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பெண்ணிடம் என்று. போத்தல் இன்னும் மேடையில்தான் இருக்கிறது. எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கட்டத்தை வெறுமையாக விட மனமில்லாமல் நான் எழுதிய ஒரு சொல், வேறு யாரோ ஒருத்தியின் ஊரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது.

இப்போது உங்கள் பாட்டி. தாது வருஷம் என்பது 1876-77. பஞ்சம் 1878 வரை நீண்டது. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் சிலர் 1936-ஐயும் இதையும் குழப்பிவிடுவார்கள். உங்களிடம் 1884-ஆம் ஆண்டுப் பதிவு இருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. அவர் பஞ்சத்தின்போதோ அதை ஒட்டியோ வந்திருக்க வேண்டும். இது சிறிய செய்தி அல்ல. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய அரசின் கையை விட்டுப் போயின. அதற்குப் பின் இங்கே கூலிகளை அனுப்புவது இந்தியச் சட்டப்படி செல்லாது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1870-இல் தஞ்சை அதிகாரிகள் தடுத்தார்கள், 1872-இல் திரும்ப அனுமதி வந்தது. உங்கள் பாட்டி அதற்குப் பிறகு, அனுமதி இருந்த காலத்தில் வந்தவர்.

அப்படியானால் கப்பல் பட்டியலில் பெயர் இருக்குமே என்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை ஆள் ஆளாக எழுதிய சீட்டுகள் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒரு முழு வரிசை நம் கைக்கு வரவில்லை. நமக்கு மிஞ்சியிருப்பவை ஆண்டறிக்கைகள். அவற்றில் ஆள் கணக்கு, செத்தவர் கணக்கு, ஓடிப்போனவர் கணக்கு எல்லாம் உண்டு. தொழிலாளர் நிலையை விசாரிக்க 1890-இல் அமைத்த ஆணைக் குழுவின் அறிக்கையும் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்கள் இணையத்தில் இலவசம். பாட்டியின் பெயரைத் தேடாதீர்கள், தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். பைராம், கலிடோனியா என்று இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். அவர் இருந்த இடம், அந்த ஆண்டின் காய்ச்சல், கரும்பு விலை, எல்லாம் கிடைக்கும். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு எத்தனை நிரை களை வெட்டினார் என்பது புரியும். பெயரைத் தேடினால்தான் ஏமாற்றம். ஒரே பெண்ணின் பெயரைக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதியிருப்பார், அடுத்தவர் 'சி' போட்டு எழுதியிருப்பார். அதோடு 'இன்னாரின் மனைவி' என்று எழுதியே ஒரு பெண்ணின் பெயரை முடித்துவிடும் வழக்கமும் இருந்தது. உங்கள் நகலில் அவர் பெயர் தனியாக, முழுதாக இருக்கிறது. அதற்கு அந்தக் கோடே காரணமாக இருக்கலாம். கணவன் பெயர் இருந்திருந்தால் அவர் பெயரை இன்று நாம் அறிந்திருப்போமா என்பதே சந்தேகம்.

இன்னொன்றை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டு, கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். 'அம்மாயி' என்கிறீர்கள். அம்மாவின் அம்மாவை அப்படி அழைப்பது கொங்குப் பக்கமும் திருச்சிப் பக்கமும் வழக்கம். மதுரைப் பக்கம் அம்மாச்சி என்பார்கள். இது தாய்வழிச் சொல். தாய் தன் மகளின் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. அம்மாயி தன் பாட்டியை எப்படி அழைத்தார் என்று மாமாவுக்கு நினைவிருக்கிறதா, கேளுங்கள். உங்கள் அம்மாயியும் தன் பாட்டியை 'அம்மாயி' என்றே அழைத்திருந்தால், கப்பலில் வந்த பெண்ணே அந்தச் சொல்லைக் கொண்டுவந்திருக்க வாய்ப்பு அதிகம். கூடவே கேளுங்கள்: வீட்டில் கம்பங்கூழா, சோளச் சோறா? ஆடு வெட்டிப் படைக்கும் சாமி எது, அது யார் வழியில் வந்தது? குலதெய்வம் பொதுவாக ஆண் வழியில் வரும். ஆண் இல்லாத இடத்தில் ஒரு சாமி நின்றிருந்தால், அது அவர் தன் தகப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமியாக இருக்கலாம். லயத்தில் பத்து ஊர்க்காரர்கள் கலந்து வாழ்ந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். என் தாலாட்டுக் கதையைப் போல ஆகிவிடக் கூடாது. கிடைப்பதைப் பென்சிலால் எழுதுங்கள், யார் சொன்னது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மாமாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அது மானத்தைப் பற்றிய பயம். அவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் திருமணம் எந்த ஆண்டு, எங்கே? 1960களில் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் என்றால், பதிவுத் தாள் இருக்கிறதா? இந்த நாட்டில் 1982 மார்ச் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான் நம் திருமணங்களைப் பதிவது கட்டாயமானது. அதற்கு முன் தாலி கட்டியவர்களின் தாம்பத்தியத்தை ஒரு தாள் இல்லை என்பதற்காக யார் குறை சொல்ல முடியும்? 1884-இல் அந்த லயத்தில் நடந்தது திருமணமா, துணையா, கட்டாயமா, காதலா? அந்தக் கோடு எதையும் சொல்லவில்லை. அது அவருடைய குற்றப்பத்திரிகை அல்ல. ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்த இடத்தில், பஞ்சத்தில் தப்பிய ஒருத்தி ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அது சாகாமல் வளர்த்தெடுத்தார். நீங்கள் இருப்பதும் மாமா இருப்பதும் அதனால்தான். இல்லாத ஒருவனை அவர் பக்கத்தில் நிறுத்தி, அந்த உழைப்பில் பாதியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வரைபடத்தில் அவர் பெயரை நடுவில் எழுதுங்கள். கீழே, 'தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி வந்தவர். கரும்புத் தோட்டத் தொழிலாளி. ஒரு மகள், 1884' என்று போடுங்கள். அந்த நகலையே பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள், கோட்டோடு.

செம்பு இப்போது யாரிடம் இருக்கிறது? அடியில் புள்ளி வைத்துப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன். மாமாவையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.