பெற்றோல் குடிப்பது எஞ்சினா, காற்றா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். பஸ்ஸை விட்டு ஸ்கூட்டி வாங்க எண்ணம். மகளையும் வழியில் ஆரையம்பதியில் இறக்க வேண்டும். 125 சீசீ என்றால் பாரமும் கூட, பெற்றோல் செலவும் கூட, 90 போதும் என்கிறார் வீட்டுக்காரர். எதை எடுக்கலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி பஜாருக்குள்ளேயே ஓடித் திரிகிறவர்களுக்கு உரியது. நின்று நின்று போகும் இடத்தில் சின்ன எஞ்சின் குறைவாகத்தான் குடிக்கும். பாரம் குறைந்த வண்டியை மறுபடி கிளப்புவதும் சுலபம். காத்தான்குடிச் சனத்துக்குள் மட்டும் உங்களுக்கு அந்த இலாபம் கிடைக்கும்.

பாரத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். 90 சீசீ பெப் பிளஸ் 95 கிலோ அளவில், 110 சீசீ டியோ 105 அளவில், 125 சீசீ என்டோர்க் 118 அளவில் இருக்கும். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் 23 கிலோ. உங்கள் மகளும் அவளுடைய புத்தகப் பையும் அதைவிடப் பாரமாக இருக்கும்; அவளை இறக்கிவிட்டா பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? சமதரையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்குப் பாரம் பெரிய தொல்லை அல்ல. செங்கலடியிலிருந்து பிபிலை தாண்டிப் பதுளைக்கு ஏறுகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். அங்கே ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின்தான் மேலே தூக்க வேண்டும். உங்கள் வழியில் ஏற்றம் என்று தேடினால் கல்லடிப் பாலம்தான் அகப்படும்.

உங்களுக்கு வில்லங்கம் காற்று. வேகத்தை 40இலிருந்து 60ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்காகும். கச்சான் வீசும் மாதங்களில் பின்னேரம் வீடு திரும்பும்போது கிரான்குளம், செட்டிபாளையம் பக்கம் அது சரிவாக முகத்திலேயே அடிக்கும். 90 சீசீ எஞ்சினின் வலு ஏறக்குறைய 5 குதிரைவலு. இருவரை ஏற்றிக்கொண்டு அந்தக் காற்றில் 60ஐப் பிடிக்க வேண்டுமானால் அக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கியபடியே போக வேண்டும். எஞ்சின் அலறும், பெற்றோல் கலவை செறிவாகும், சின்ன எஞ்சினின் சிக்கனம் அத்துடன் சரி. அதே வேலையை 110 சீசீ மூச்சு வாங்காமல் செய்துவிடும்.

125ஐயும் குறை சொல்லவில்லை. மெதுவாக ஓட்டினால் கொஞ்சம்தான் கூடக் குடிக்கும். ஆனால் வலு இருந்தால் கை சும்மா இராது, அதுதான் எனக்குத் தெரிந்த குறை. ஆகவே 110 எடுங்கள், 45, 50இல் ஓட்டுங்கள்.

பழைய வண்டி எடுப்பதானால் சீசீயைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்சில்லை. அண்மையில் ஒரு டியோ பெற்றோல் கூடக் குடிக்கிறது என்று கராஜுக்கு வந்தது. எஞ்சினை அணைத்து, நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லைக் கையால் சுழற்றினேன். அரைச் சுற்றில் உரசிக்கொண்டு நின்றுவிட்டது. யாரோ பிரேக் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். அந்த வண்டி பிரேக் பிடித்தபடியே ஊர் சுற்றியிருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலும் இதே கதிதான். பெல்ட் தேய்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் போடும் அளவுக்கு வண்டி ஓடாது. விலை பேசுவதற்கு முன் மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.